பழைய கேம்பர் வேன்களின் உட்புறத்தையும் காப்பாற்ற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பழைய ஃபோக்ஸ்வேகன் வேன்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். இரட்டை வண்ணப் பூச்சையும் வட்ட முகப்பு விளக்குகளையும் விரிவாக எழுதிய கட்டுரையாளர், உட்புறத்தை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டது வருத்தம் தந்தது. வேனை வீடாக மாற்றியது அந்த உட்புறம்தான்.

1950இல் உற்பத்திக்கு வந்தபோது அந்த வேன் சரக்கும் ஆட்களும் ஏற்றுவதற்கான வண்டி. ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951இல் அதற்கென்று செய்த, படுக்கையும் அலமாரியும் அடங்கிய கேம்பிங் பெட்டியைக் கழற்றி மாட்ட முடியும் என்பதால், வார நாள்களில் வியாபாரத்துக்கு ஓடிய வண்டியிலேயே வார இறுதியில் குடும்பம் வெளியூர் போய்த் தங்கலாம். பின்னாளில் வந்த நிலையான அமைப்புகளிலும், ஒரு பொருள் இரண்டு வேலை செய்ய வேண்டும் என்ற அந்தச் சிக்கனம் தொடர்ந்தது.

படுக்கையையே எடுத்துக்கொள்வோம். இன்ஜின் பின்னால் இருப்பதால், அதன் மேல்தளம் வண்டியின் தரையைவிட உயர்ந்து ஒரு திண்ணைபோல் அமைந்திருக்கும். பின் இருக்கையை அந்தத் திண்ணையின் மட்டத்துக்கே வைத்திருப்பார்கள். இரவில் இருக்கையை முன்னே இழுத்ததும் சாய்மானம் சரிந்து, திண்ணைமேல் கிடக்கும் மெத்தையோடு சேர்ந்து, இருவர் கால்நீட்டிப் படுக்கும் கட்டிலாகிவிடும்; இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியில் போர்வைகள் இருக்கும். சிறு பிள்ளைக்கு முன் இருக்கைகளின் மேலே, குழாய்களில் கோத்த கித்தான் படுக்கை ஒன்றைக் குறுக்கே மாட்டுவார்கள். நம் வீட்டுத் தூளிபோல் தொய்யாமல் அது விறைப்பாக நிற்கும்.

நான் வசிக்கும் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், ஃபோக்ஸ்டன் நகரத்து மார்ட்டின் வால்டர் நிறுவனம் உருவாக்கிய டோர்மோபைல் வேன்களின் கூரை, ஒரு பக்கம் கீல் போட்டு மறுபக்கம் உயரும் வகையைச் சேர்ந்தது. உள்ளே குனிந்தே நடமாட வேண்டிய வண்டியில் நிமிர்ந்து நின்று சமைக்க இடம் கிடைத்ததோடு, கூரையின் இருபுறமும் பரண்போல இரண்டு படுக்கைகளும் கிடைத்தன. நண்பர் ஒருவரின் வண்டியில் அத்தகைய பரணில் ஒரு மழை இரவு படுத்திருக்கிறேன். உயர்த்திய கூரையின் கோடு போட்ட கித்தானில் மழை விழும் ஓசை காதுக்கு ஒரு சாண் தொலைவில் கேட்டது. காலையில் கீழே படுக்கையை மடித்து மேசையை நிறுத்திய பிறகே தேநீர் வைக்க முடிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அதே வண்டியை நண்பர் பிறகு ஒரு பட்டறையில் புதுப்பிக்கக் கொடுத்தார். வெளிப்பூச்சை அவர்கள் பழைய நிறத்திலேயே பளபளக்கச் செய்தார்கள். ஆனால் உள்ளேயிருந்த ஒட்டுப்பலகை அலமாரிகளையும் மடக்கு மேசையையும் குப்பையில் போட்டுவிட்டு, மடக்கவே முடியாத ஒரு பெரிய மெத்தையைப் பொருத்திவிட்டார்கள். தூங்க வசதிதான். ஆனால் பகலில் மழை பெய்தால் நான்குபேர் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட இன்று அதில் இடமில்லை. பழைய எரிவாயுக் குழாயையும் மின்கம்பிகளையும் பாதுகாப்புக்காக மாற்றத்தான் வேண்டும், பூஞ்சை பிடித்த கித்தானையும் வைத்திருக்க முடியாது. மரவேலைப்பாட்டுக்கு அப்படி எந்தக் கேடும் நேர்ந்திருக்கவில்லை. பிரித்தெடுத்த அலமாரியின் அளவுகளையாவது குறித்து வைத்திருந்தால், பிறகொரு தச்சர் அதை மீண்டும் செய்திருக்க முடியும்.

இத்தகைய வண்டிகளைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, கூரையை உயர்த்திப் படுக்கையை விரித்த நிலையில் உட்புறத்தைக் காட்டும் படம் ஒன்றையும் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கென்ட், இங்கிலாந்து