பன்னிரண்டில் தொடங்கு, ஆறுக்கு அவசரமில்லை

அன்புள்ள ஜெசிந்தா,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் பங்கு ஆலயத்துக்கு முழுப் பெடல் வரிசையோடு, அதாவது காலால் வாசிக்கும் கட்டைகளோடு, ஆர்கன் வந்துவிட்டது என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். அடுத்த வரியிலேயே, பிரெஞ்சு ஆர்கன் கலைஞர் ழான் டெமெஸ்யோவின் எட்யூடுகளில், அந்தப் பயிற்சிப் படைப்புகளில், எதை முதலில் எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். எதையும் வேண்டாம். அவருடைய எட்டாம் படைப்பான ஓபஸ் 8-ஐ எடு, 12 முன்னிசைகள் உள்ளது. ஆறு எட்யூடுகள் உள்ள ஓபஸ் 5 பிறகு வரட்டும்.

அவர் பேரைச் சொன்னாலே எல்லாரும் அந்த ஆறு எட்யூடுகளுக்குத்தான் போகிறார்கள். போகாமல் என்ன செய்வார்கள்? 1921-ல் மான்ட்பெல்லியேவில் பிறந்தவர், 12 வயதில் பாரிஸ் தூய ஆவி ஆலயத்தின் ஆர்கனிஸ்ட் ஆகி 29 ஆண்டுகள் அங்கே வாசித்தார். பாரிஸ் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் ஆர்கன் மேதை மார்செல் டுப்ரேயிடம் படித்து 1941-ல் முதல் பரிசு. பிறகும் சில ஆண்டுகள் அவரிடமே கடும் பயிற்சி. 1946 பிப்ரவரியில் சால் ப்ளேயேல் அரங்கில் நடந்த கச்சேரி பாரிஸையே திரும்பிப் பார்க்க வைத்தது. இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட முதல் பெண் ஆர்கனிஸ்ட் அவர்தான். 1962-ல் பாரிஸின் மதலேன் ஆலயத்துக்கு வந்தார். சேன்-சான்ஸ், ஃபோரே போன்ற பெரிய இசையமைப்பாளர்கள் உட்கார்ந்த ஆர்கனிஸ்ட் இருக்கை அது. 1968 நவம்பரில் 47 வயதிலேயே போய்விட்டார். இப்படி ஒரு வாழ்க்கையில் வாசித்தவர் மட்டும் நினைவில் நின்று, எழுதியவர் பின்னுக்குப் போய்விட்டார். எனக்கு அதுதான் ஆதங்கம்.

எட்யூடுகளை ஏன் தள்ளிப் போடச் சொல்கிறேன் என்றால், ஒவ்வொன்றும் ஒரே ஒரு கஷ்டத்தை எடுத்துக்கொண்டு விடாமல் பிழியும். முதலாவது ‘நுனிப் பாதம்’. குதிகாலே படக் கூடாது, முழுக்கக் கால்விரல் பக்கம்தான். பிறகு மூன்றாம் சுர இடைவெளி, ஆறாம் சுர இடைவெளி, மாறி மாறி வரும் கார்டுகள், ஒரே சுரம் திரும்பத் திரும்ப வருவது, கடைசியில் ஆக்டேவ், அதாவது எட்டாம் சுர இடைவெளி. பெடலில் ஒரு ஆக்டேவ் என்பது ஏறத்தாழ 45 செ.மீ. இரண்டு கால்களும் அதே அகலத்தில் சேர்ந்தே நகர வேண்டும் என்னும்போது, ஒரு கால் இன்னொரு காலுக்கு உதவ முடியாது. ஒவ்வொரு பாதமும் தன் வரியைத் தானே இணைத்து வாசிக்க வேண்டும். அதற்குக் கணுக்கால் தளர்ந்திருக்கணும். அது தளராமல் வேகம் கூட்டினால் தொடையிலிருந்து உதைப்போம். பெடல் கட்டை ‘டொக் டொக்’ என்று அடிக்கும், இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று. வேகமான பெடல் வரிக்கு 16 அடி ஸ்டாப்பை, அதாவது மிகத் தாழ்ந்த ஒலி தரும் குழாய் வரிசையை, மட்டும் நம்பாதே. அந்தப் பெரிய குழாய்கள் பேச நேரம் எடுக்கும். ஒரு சுரம் தெளியுமுன் அடுத்தது வந்து, எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும். உன்னுடையது எலக்ட்ரானிக் ஆர்கன் என்றாலும் அதே தாமதத்தைப் பல கம்பெனிகள் பதிவு செய்தே வைத்திருக்கின்றன. மேல் ஒலி தரும் 8 அடியும் 4 அடியும் சேர்த்தால்தான் வரி காதில் விழும்.

ஓபஸ் 8 வேறு உலகம். திருச்சபையின் பழைய லத்தீன் பாடல்களான கிரகோரியன் கீதங்களின் மேல் 12 முன்னிசைகள். 1947-ல் எழுதினார், 1950-ல் பாஸ்டனில் அச்சானது. உனக்கு இது ஏன் பொருந்தும் என்றால், கிட்டத்தட்ட முழு வழிபாட்டு ஆண்டும் இதில் அடங்கிவிடுகிறது. திருவருகைக் காலத்துக்கு ரொராத்தே, கிறிஸ்மஸுக்கு அதெஸ்தே ஃபிதெலெஸ், தவக்காலத்துக்கு அத்தெந்தே தோமினே, குருத்து ஞாயிறுக்கு ஓசன்னா, பெரிய வியாழனுக்கு உபி காரித்தாஸ், உயிர்ப்புக்கு ஓ ஃபிலீ, பெந்தகோஸ்தேக்கு வேனி கிரெயாத்தோர். கடைசியாகச் சொன்னது டொக்காட்டா, வேகமும் வித்தையும் கேட்கும் வகை. அதை ஒரு வருஷம் கழித்துத் தொடு. மற்றவற்றில் அவர் வித்தை காட்டவே இல்லை. ஒவ்வொரு கீதத்துக்கும் ஒரு வடிவம்: ஒன்று ஃபியூக் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துரத்துவது), ஒன்று தாலாட்டு, ஒன்று மாறுபாடுகள். அதெஸ்தே பைக்குழல் பாணி. பழைய மெட்டு கலையாமலே இருக்கும். சுற்றியுள்ள ஒத்திசைவு மட்டும் நாம் எதிர்பாராத பக்கம் திரும்பும். அந்தத் திருப்பங்களில்தான் அவர் எவ்வளவு பெரிய இசையமைப்பாளர் என்பது தெரிகிறது.

ரொராத்தேயில் ஆரம்பி. அது அலங்கரித்த கோரல் வகை, கீத மெட்டைச் சிறு சுரங்களால் அணிசெய்வது. முதலில் கீதத்தை வாயால் பாடு, அணி எதுவும் இல்லாமல். மனப்பாடமான பிறகு வலக்கை. எல்லாரும் சறுக்குவது இங்கேதான்: சிறு சுரங்களை மெட்ரோனோமில் சமமாக எண்ணி வைத்துவிடுகிறார்கள், மெட்டு நொறுங்கிவிடுகிறது. பாடும்போது மூச்சு எங்கே விழுந்ததோ அங்கேயே கையும் எழும்ப வேண்டும். பிறகு இடக்கையும் பெடலும் தனியாக. கடைசியில்தான் மூன்றும் சேர்த்து. மெட்டுக்கு 8 அடிப் புல்லாங்குழல் ஸ்டாப்போடு நசார்டு என்ற ஸ்டாப், இடக்கைக்கு இன்னொரு மேனுவலில் (கைக் கட்டை வரிசையில்) மெல்லிய 8 அடி, பெடலுக்குச் சன்னமான 16-உம் 8-உம். ஒலியை நடுங்க வைக்கும் ட்ரெமுலன்டை அணைத்துவிடு, அது ஆடினால் அந்த ஒத்திசைவின் உரசல்கள் மழுங்கிவிடும்.

பெஞ்சு உயரத்தையும் பார். பாதம் பெடல் மேல் படிய வேண்டும், ஆனால் எடையில் பெடல் இறங்கக் கூடாது. ஷூவுக்கு 3 செ.மீ. குதி போதும், அடித்தோல் மெல்லியதாக இருக்கட்டும். டெமெஸ்யோ உயரமான ஹீல்ஸ் போட்டே வாசித்தார் என்பதற்காக நீ அதை முயலாதே! தினம் 20 நிமிடம் பெடல் மட்டும், பாதத்தைப் பார்க்காமல். கறுப்புப் பெடல்களின் இடைவெளியைக் காலே தடவிக் கண்டுபிடிக்கட்டும்.

இசையமைப்பாளர் சேசர் ஃபிராங்கின் படைப்புகளை டெமெஸ்யோ வாசித்த பதிவுகளையும் தேடிக் கேள். 1959-ல் மதலேன் ஆர்கனில் பதிவு செய்தவை. நீண்ட வரியை அவர் எங்கே மூச்செடுத்து விடுகிறார் என்று கவனி, ரொராத்தேக்கு நேரடியாக உதவும்.

ஆர்கனின் ஸ்டாப் பட்டியலை அப்படியே எழுதி அனுப்பு. மற்ற பதினொன்றுக்கும் எதை எங்கே இழுக்கலாம் என்று குறித்துத் தருகிறேன். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ஃபிலோ