பந்தைக் கொடுக்காதவளுக்கு

ஏட்டி முத்து,

ஒன்பது மாசமாக ஒரு வரி எழுதவில்லை. நைட் டியூட்டி, பிள்ளைகள் என்று சாக்குச் சொன்னால் நீ நம்பப்போவதில்லை, அதனால் சொல்லவில்லை. எல்லாரும் சுகம். அவருக்கு முழங்கால் வலி பரவாயில்லை. உன் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு வராததற்கு நேரில் திட்டிக்கொள். இப்போது இதைக் கேள்.

பக்கத்து வீட்டு ஆச்சி போய்ச் சேர்ந்துவிட்டாள். அயர்லாந்தில் இந்தக் கில்கெனிக்கு நாங்கள் குடிவந்த முதல் வாரம், நான் வாசல் பெருக்குகிற விதத்தைப் பார்த்தே, "நீ மட்டை பிடித்தவள்தானே?" என்று கண்டுபிடித்தவள்.

இங்கே ஆண்கள் ஆடினால் ஹர்லிங், பெண்கள் ஆடினால் காமோகி. ஆஷ் மரத்து மட்டை, நுனி அகப்பை மாதிரி அகலம். பந்தைக் கையில் பிடிக்கலாம், மட்டையில் வைத்துக்கொண்டே ஓடலாம், தலைக்கு மேல் ஓங்கி அடிக்கலாம். குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று. நமக்கு ஹாக்கி சொல்லிக்கொடுத்த பி.டி. டீச்சர் பார்த்திருந்தால் விசில் ஊதியே மூச்சு நின்றிருக்கும்.

ஆச்சி எழுபதுகளில் கில்கெனிக்கு ஆடியவள். பக்கத்து மாவட்டம் வெக்ஸ்ஃபோர்டு. அகில அயர்லாந்துக் கோப்பை 1974-இல் கில்கெனிக்கு, 75-இல் வெக்ஸ்ஃபோர்டுக்கு, 76-இல் மறுபடி கில்கெனிக்கு. எப்படிப் புகைந்திருக்கும், பார்த்துக்கொள்! வெக்ஸ்ஃபோர்டில் ஒருத்தி ஆச்சியை விட்டு ஓரடி நகர மாட்டாளாம். கணுக்கால் தழும்பைக் காட்டி, "அவள் போட்ட கையெழுத்து" என்பாள் ஆச்சி.

அப்போதெல்லாம் மாகாணப் போட்டியும் வரும். லெய்ன்ஸ்டர், மன்ஸ்டர், அல்ஸ்டர், கொனாக்ட் என்று நாலு அணி. 1956-இல் தொடங்கியது. ஐரிஷ் மொழிக்காக வேலை செய்கிற கேல் லின் அமைப்பின் பெயரில்தான் கோப்பை. அல்ஸ்டருக்கு எல்லை தாண்டி, பிரிட்டன் பக்கம் இருக்கிற ஆன்ட்ரிம் பெண்களும் ஆடுவார்கள். ஆனால் கில்கெனி, வெக்ஸ்ஃபோர்டு இரண்டுமே லெய்ன்ஸ்டர்! நேற்றுவரை காலை உடைக்கப் பார்த்தவளோடு ஒரே ஜெர்சி.

முதல் நாள் பயிற்சியில் இரண்டு பேரும் பேசவில்லை, பந்தும் கொடுத்துக்கொள்ளவில்லை. முடிந்ததும் அந்த வெக்ஸ்ஃபோர்டுக்காரி வாயே திறக்காமல் தன் சாண்ட்விச்சில் பாதியை நீட்டினாளாம். ஆச்சி இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. செலக்‌ஷன் கேம்ப், உன் தயிர்ச்சோற்று டப்பா. ஊறுகாய் மட்டும் தரவில்லை நீ.

"மாவட்ட மேட்சுக்குக் கூட்டம் அள்ளும், மாகாண மேட்சுக்கு எங்கள் வீட்டு ஆட்களும் நாயும்தான்" என்று ஆச்சி புலம்புவாள். ஆனால் வாழ்க்கையில் நன்றாக ஆடியது அங்கேதான் என்பாள். 1999 வரை அணிக்குப் பன்னிரண்டு பேர்தான். மாகாணம் முழுக்கச் சலித்து எடுத்த பன்னிரண்டு பேர் என்றால் சும்மாவா?

பாவாடைக் கதையும் சொல்லியாக வேண்டும். 2025 மே மாதம் டப்ளின், கில்கெனிப் பெண்கள் ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கினார்கள். பாவாடைக்கு மாற்றாவிட்டால் ஆட்டமே இல்லை என்றார் நடுவர். மாற்றிக்கொண்டுதான் ஆடினார்கள். அதே மாதம் காமோகி சங்கத்தில் ஓட்டெடுப்பு, 98 சதவீதம் பேர் அவரவர் இஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். ஆச்சி டிவி முன்னால் கைதட்டினாள். எனக்கு நம் மடிப்புப் பாவாடையும், காற்றடித்தால் பந்தை விட்டுவிட்டு அதைப் பிடித்ததும் ஞாபகம் வந்து ஆத்திரமாக வந்தது.

சாவு வீட்டில் பெட்டியைத் திறந்தே வைத்திருந்தார்கள். மேலே கருப்பு-மஞ்சள் ஜெர்சி. நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊதா-மஞ்சள் ஸ்கார்ஃப் கட்டிய ஒரு கிழவி, பழைய மட்டையை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தாள். வெக்ஸ்ஃபோர்டு நிறம். அறை சட்டென்று அடங்கிவிட்டது. ஆச்சியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்று, "இப்பவாவது பந்தைக் கொடுப்பியா?" என்றாள். மொத்த வீடும் சிரித்தது. அப்புறம் என்னிடம் வந்து டீ வாங்கினாள். கோப்பை நடுங்கியது, நான் சாஸரைப் பிடித்துக்கொண்டேன். சாண்ட்விச் தட்டை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள்.

டிசம்பரில் மூன்று வாரம் லீவு கிடைத்திருக்கிறது. கோவில்பட்டியில் இறங்கியதும் நேரே உன் வீட்டுக்குத்தான். உன் மட்டை இருக்கிறதா, இல்லை அதிலும் துணி காயப்போடுகிறாயா?

அப்புறம், அந்தப் பெனால்டி கார்னரில் பந்து உன் காலில்தான் பட்டது. இப்பவாவது ஒத்துக்கொள்.

உன்
ராணி