அரிக்கமேட்டில் எது பழைய சுவர்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுச்சேரிக்கு அருகே, ரோமானியரோடு வாணிகம் நடந்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டுக்குப் போகிறவர்கள் அங்கே நிற்கும் செங்கல் சுவர்களைப் படமெடுத்துக்கொண்டு, ரோமானியர் காலத்துக் கட்டடம் என்று சொல்லித் திரும்புகிறார்கள். அது 18-ஆம் நூற்றாண்டின் கிறித்தவ மிஷன் கட்டடம். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய ஊர் காலடி மண்ணுக்குள் கிடக்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலரும், பிறகு கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் எனத் தொல்லியலாளர்கள் அகழ்ந்த குழிகள் மூடப்பட்டுவிட்டன. இத்தாலிய மட்பாண்டம் வந்திறங்கும் முன்பே இங்கே மக்கள் வாழ்ந்தார்கள் என்று பிந்தைய அகழாய்வு காட்டியது. சுவர் பிற்காலத்தது, பழைய ஊர் மண்ணுக்குள் இருக்கிறது என்ற இரண்டையும் பெரிய தமிழ் எழுத்தில் சொல்லும் பலகை சுவருக்குப் பக்கத்திலேயே வேண்டும்.

மழை ஓய்ந்ததும் மேட்டில் பாசிமணி பொறுக்கும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். இங்கே மணி செய்த தடயம் அதனால் அழிகிறது. கண்ணாடிக் குழம்பை உள்ளே துளை விழும்படி நீளக் குழலாக இழுத்து, ஆறியதும் பொடித் துண்டுகளாக நறுக்கி, சாம்பலோடு கலந்து சட்டியில் மறுபடி சூடேற்றுவது இழுமணி செய்யும் முறை. சாம்பல் துளை அடைபடாமல் காக்கும், மணிகளை ஒட்டவும் விடாது. வெட்டிய விளிம்பு மட்டும் மழுங்கி உருளும். சூடு மிஞ்சினால் மணிகள் கொத்தாக ஒட்டிப் பாழாகும். அந்தக் கொத்தும் உடைந்த குழல் துண்டும்தான் இங்கே பட்டறை இருந்ததற்குச் சாட்சி. முழு மணி எந்த ஊரிலிருந்தும் வந்திருக்கலாம். எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று தெரியாமல் கைக்கு வந்த மணி வெறும் அலங்காரப் பொருள்.

இவற்றைவிட அவசரமானது கரை. கடலின் ஏற்றவற்றத்தோடு ஏறி இறங்கும் அரியாங்குப்பம் ஆறு கரையின் அடியை அரிக்க, மேல்மண் பானை ஓட்டோடும் செங்கல்லோடும் பாளம் பாளமாகச் சரிகிறது. நேராகக் கான்கிரீட் சுவர் எழுப்பினால் அஸ்திவாரக் குழியே பழைய அடுக்குகளை வெட்டிவிடும். சுவர் முடியும் இடத்தில் அரிப்பும் கூடும். கரையைத் தோண்டாமல் மணல் மூட்டைகளைச் சாய்வாக அடுக்கி, நீரோரச் சேற்றில் அலையாத்திக் கன்று நடலாம். மேட்டின் மேல் மரக்கன்றுக்காகக் குழி தோண்டவே கூடாது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும், இடத்தைக் காக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் ஒரே இடத்தில் நின்று அளவுகோல் வைத்துக் கரையைப் படமெடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வைக்கட்டும். இதற்குப் பெரிய நிதி வேண்டாம். இந்த அக்டோபருக்கு முன்பே தொடங்கலாம்.

இப்படிக்கு,
வாசகர்,
புதுச்சேரி