மொட்டை மாடியில் ஒரு 'டப்'

அன்புள்ள முருகேசா,

பதில் தாமதமானதற்கு நீதான் காரணம். "சோலார்தான் போட்டாச்சே, மிச்ச கரண்ட்டை ஹைட்ரஜனாக்கிப் பிடித்து வையேன். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் அதில் ஓடுகிற ரயிலே செய்துவிட்டார்கள்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டாய். ஒரு வாரமாக நான் மொட்டை மாடியில்தான்.

தண்ணீரைக் கரண்ட்டால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், இரண்டு பென்சில் கரி, பழைய அடாப்டர். உப்பு கரைக்கப் போனவன் நிறுத்திக்கொண்டேன். உப்பு போட்டால் குளோரின் கிளம்பும். சலவைச் சோடா போட்டேன். மைனஸ் பக்கம் பொடிப்பொடியாகக் குமிழி. கவிழ்த்த குழாயில் பிடித்துத் தீக்குச்சி காட்டினேன், 'டப்'! எட்டாம் வகுப்பு லேபில் சார் பிரம்பைத் தேடிய அதே சத்தம்.

அப்புறம் கணக்குப் போட உட்கார்ந்தேன், சுரத்தே போய்விட்டது. என் 3 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் தருவது 12 யூனிட். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50, 55 யூனிட் வேண்டும். ஆக, முழுநாள் வெயிலுக்கும் 220 கிராம். அதை மறுபடி கரண்ட்டாக்கும் ஃபியூயல் செல்லில் விட்டால் திரும்பக் கிடைப்பது மூன்றரை யூனிட். அதே 12 யூனிட்டை லித்தியம் பேட்டரியில் போட்டால் பத்து யூனிட்டாவது திருப்பித் தரும்.

வைக்க இடம்? நம் ஆயிரம் லிட்டர் தண்ணீர் டாங்க்கில் 80 கிராம் சொச்சம்தான் பிடிக்கும். ஒரு நாள் வாயுவுக்கே மூன்று டாங்க். இல்லையென்றால் 350 பாருக்கு, அதாவது காற்றழுத்தத்தைப் போல சுமார் 350 மடங்குக்கு, அமுக்க வேண்டும், அதற்கும் கரண்ட். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றும், பகலில் ஜுவாலை கண்ணுக்கும் தெரியாது. துணி காயப்போடுகிற மாடியில் இதை வைப்பேனா?

கோடை வெயிலைப் பனிக்காலத்துக்குச் சேமிக்க வேண்டிய ஊர்க்காரனுக்கு இது சரி. நமக்கு ஐப்பசி அடைமழையிலும் நாலாம் நாள் வெயில் எட்டிப் பார்த்துவிடும். எனக்குத் தேவை 2023 மிக்ஜாம் புயல் மாதிரி இரண்டு மூன்று நாள் தாங்குவதற்குத்தான். வேடிக்கை என்னவென்றால், தெருவில் கரண்ட் போனால் தெரு கரண்ட்டோடு இணைந்தே ஓடும் என் ஆன்-கிரிட் இன்வெர்ட்டரும் சேர்ந்து படுத்துவிடும். மாட்டிவிட்டுப் போன புண்ணியவான் அதைச் சொல்லவே இல்லை. அதனால் இப்போதைக்கு, தெரு கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் ஒரு பேட்டரியும்.

பாட்டிலை மட்டும் இன்னும் கழற்றவில்லை. மார்கழியில் வருவாய் அல்லவா? ஒரு தடவை 'டப்' கேட்டுவிட்டுப் போ. அதுவரை சரோஜா அதில் ஊறுகாய் போடாமல் பார்த்துக்கொள்வது என் பாடு.

அன்புடன்,
ராமநாதன்
மடிப்பாக்கம், சென்னை