இங்கிலாந்துக்குத் தனிப் பிரதமர் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். ‘இங்கிலாந்து பிரதமர்’ என்று நாளிதழ்களில் வரும் செய்தியைக் காட்டி மாணவர்கள் கேட்கிறார்கள்: “கால்பந்தில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுகின்றனவே, அப்புறம் ரெண்டுக்கும் ஒரே பிரதமர் எப்படி டீச்சர்?” நியாயமான கேள்வி. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்கும் சேர்ந்த நாட்டைத்தான் பிரிட்டன் என்கிறோம்; பிரதமர் அந்த முழு நாட்டுக்கும்தான்.

ஆங்கிலத்தில் ‘கண்ட்ரி’ என்றால் இறையாண்மை உள்ள நாடு மட்டுமல்ல. ஐ.நா.வில் இடமில்லாத ஸ்காட்லாந்தையும் வேல்ஸையும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஸ்காட்லாந்து 1707-இல் இங்கிலாந்தோடு இணைந்தது. 1999 முதல் அதற்கு மீண்டும் தனி நாடாளுமன்றம் இருக்கிறது. பிரிந்து போகலாமா என்று 2014-இல் பொதுவாக்கெடுப்பே நடந்தது. இங்கிலாந்துக்கு மட்டும் தனி நாடாளுமன்றமும் கிடையாது, தனிப் பிரதமரும் கிடையாது. கால்பந்தில் வட அயர்லாந்தையும் சேர்த்து நான்கு அணிகள். ஒலிம்பிக்கில் ஒரே பிரிட்டன் அணி. இதில் குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

விளையாட்டுப் பக்கத்தில் ‘இங்கிலாந்து’ சரி. அரசியல் செய்தியில் ‘பிரிட்டன் பிரதமர்’ என்றே போடுங்கள். செய்தித்தாள் படிக்கச் சொல்லி மாணவர்களை நாங்கள்தான் வற்புறுத்துகிறோம். அதில் வருவதை அவர்கள் அப்படியே தேர்வில் எழுதுகிறார்கள்.

– புவியியல் ஆசிரியை