வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு அருங்காட்சியகத்தில் வேலை கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கலைக் கல்லூரிகளில் இன்டர்ன்ஷிப்புக்கு, அதாவது வெளியிடத்தில் போய்ப் பெறும் வேலைப் பயிற்சிக்கு, இப்போது பட்டப்படிப்புக் கணக்கில் சேரும் கிரெடிட் உண்டு. வணிகவியல் மாணவர் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போகிறார், வேதியியல் மாணவர் ஏதாவது ஓர் ஆலைக்குப் போகிறார். வரலாறு படிப்பவர் எங்கே போவது? எனக்குத் தெரிந்து பல பிள்ளைகள் பழக்கமான கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு சான்றிதழ் வாங்கி, எங்கிருந்தோ எடுத்த சில பக்கங்களை ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள், கிரெடிட்டும் கிடைத்துவிடுகிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இங்கே போய் வேலை கற்றுக்கொள் என்று யாரும் அவர்களுக்கு ஓர் இடத்தைக் காட்டவில்லை.

இடம் இல்லாமல் இல்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. எங்கள் புதுக்கோட்டையில் திருக்கோகர்ணத்தில் இருப்பது சமஸ்தான காலத்தில், 1910இல் வந்தது. திருச்சியில் ராணி மங்கம்மாள் மஹால், தஞ்சையில் கலைக்கூடம், 2023இல் திறந்த கீழடி என்று பல மாவட்டங்களில் கல்லூரியிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில் ஒன்று இருக்கிறது. ஆனால் நம் மாணவர்கள் அங்கே போவது மூன்று வருடத்தில் ஒரு முறை, ஒரு மதியம், வரிசையாக நடந்து வாசலில் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவதற்குத்தான்.

வேலை என்றால் என்ன வேலை என்று கேட்பார்கள். புதுக்கோட்டையின் அம்மன் காசையே எடுத்துக்கொள்ளுங்கள். விரல்நுனியில் அடங்கிவிடும் செப்புக் காசு, ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. நவராத்திரியில் சமஸ்தானம் அரிசியோடு சேர்த்துக் கொடுத்த காசு இது. அதை மாணவர் கையில் கொடுத்து எடை போடச் சொல்லுங்கள், விட்டம் அளக்கச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் என்ன தெரிகிறது, என்ன தேய்ந்துபோயிருக்கிறது என்று பார்த்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள். தமிழ் நாட்டுக் காசில் தெலுங்கு எப்படி வந்தது, அம்மன் ஏன் வந்தாள் என்று அந்தப் பிள்ளை தானாகவே கேட்கும். பாடப்புத்தகத்தில் புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்கள் பற்றி நாலு வரி படித்தவருக்கு வராத கேள்வி அது.

அகழாய்வில் கிடைத்த பானை ஓட்டுக்கு எண் எழுதுவதும் அப்படித்தான். ஓட்டைச் சுத்தம் செய்து, ஓரமாக, கீறல் குறியீடு எதுவும் இல்லாத இடத்தில் வார்னிஷ் போல ஒரு பூச்சு தடவி, அது காய்ந்ததும் மெல்லிய நிப்பால் எண் எழுதி, மேலே இன்னொரு பூச்சு கொடுக்க வேண்டும். பின்னாளில் எண்ணை மாற்ற வேண்டி வந்தால் ஓட்டுக்குச் சேதமில்லாமல் அழித்துவிடலாம். அதே எண்ணைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். எண் அழிந்துபோனால் ஓடு எந்தக் குழியில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்பதும் போய்விடும், அப்புறம் அது வெறும் ஓடுதான். கீழடி ஓடுகளில் ஆதன், குவிரன் என்ற பெயர்களை இன்று நாம் பெருமையோடு சொல்கிறோம் என்றால், யாரோ பொறுமையாக உட்கார்ந்து இந்த வேலையை ஒழுங்காகச் செய்ததும் அதற்கு ஒரு காரணம்.

காட்சிக்கூடத்திலும் வேலை கிடக்கிறது. பெரும்பாலான சிலைகளுக்குக் கீழே பெயர், ஊர், நூற்றாண்டு என்று மூன்று வார்த்தைதான். எழும்பூரில் இருக்கும் செப்புத் திருமேனிகளில் பல, வயலிலோ வீட்டு மனையிலோ தோண்டும்போது கிடைத்தவை. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிற 1878ஆம் ஆண்டுச் சட்டத்தால் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தவை. எந்த ஊரில் எப்படிக் கிடைத்தது என்பது பதிவேட்டில் இருக்கும், பார்க்க வருகிறவர் கண்ணில் படாது. பதிவேட்டைப் படித்து, எல்லோருக்கும் புரிகிற தமிழில் ஐந்து வரி எழுத ஒரு மாணவரால் முடியாதா? அருங்காட்சியகப் பொறுப்பில் இருக்கும் காப்பாட்சியர் திருத்திக் கொடுக்கட்டும்.

அரிய பொருட்களை மாணவர்கள் கையில் எப்படிக் கொடுப்பது என்று அதிகாரிகள் தயங்குவது நியாயம்தான். யாரும் முதல் நாளே நடராஜரைத் தூக்கச் சொல்லவில்லை. ஒரே மாதிரி நிறையக் கிடக்கும் ஓடுகள், காசுகள், பழைய புகைப்படங்கள், இன்னும் கணினியில் ஏறாத பதிவேடுகள், விடுமுறை நாளில் வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்வது என்று தொடங்கலாம்.

நேரமும் ஒத்துவரும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) கணக்கில் இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரம். செமஸ்டரின் 15 வாரமும் சனிக்கிழமை தோறும் நாலு மணி நேரம் போனால் 60 மணி நேரம், அதாவது இரண்டு கிரெடிட். எழும்பூருக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, சனி ஞாயிறு திறந்துதான் இருக்கிறது, கூட்டமும் அன்றைக்குத்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக் கூடாது. அரசுக் கல்லூரிப் பிள்ளைகளில் பலர் சனி ஞாயிறுகளில் கேட்டரிங் வேலைக்கும் ஜவுளிக் கடைக்கும் போகிறவர்கள், அந்தக் கூலியில்தான் பரீட்சைக் கட்டணம் கட்டுகிறார்கள். கிரெடிட் தருகிறோம், சும்மா வந்து வேலை செய் என்றால் வசதி உள்ளவர்கள் மட்டும்தான் வருவார்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் கொடுக்கிற அரசுக்கு, இந்த 15 சனிக்கிழமைக்கும் பஸ் செலவும் மதியச் சாப்பாடும் கொடுப்பது பெரிய பாரமில்லை.

கல்லூரிக் கல்வித் துறையும் அருங்காட்சியகத் துறையும் சேர்ந்து, எந்தக் கல்லூரிக்கு எந்த அருங்காட்சியகம், ஒரு முறைக்கு எத்தனை பேர், வேலையைப் பார்த்து மதிப்பெண் போடப் போவது யார் என்று அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்கு முன் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். மதிப்பெண்ணில் பாதியையாவது காப்பாட்சியர் போடட்டும், ஏனென்றால் பிள்ளை வேலை செய்ததா இல்லையா என்பது அவருக்குத்தான் தெரியும். ஜூனில் ஆணை வந்தால் இரண்டாம் வருட மாணவர்களின் பெயர்ப் பட்டியலை ஜூலையிலேயே கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்,
புதுக்கோட்டை மாவட்டம்.