டாக்டரம்மாவுக்கு

அன்புள்ள டாக்டரம்மா,

மயக்க மருந்துத் துறைத் தலைவர் ஆனதற்கு வாழ்த்துச் சொல்லலாம் என்று உன் கடிதத்தைப் பிரித்தால், உன்மேல் நீயே குற்றப்பத்திரிகை எழுதி வைத்திருக்கிறாய். "வேற ஆள் கிடைக்காம என்னைப் போட்டுட்டாங்க, சீக்கிரமே எல்லாருக்கும் தெரிஞ்சுடும்" என்று. என்ன தெரிந்துவிடும்? பத்தாம் வகுப்புக் கணக்கில் முதல் மார்க் வாங்கிய அன்றும் "கேள்வித்தாள் ஈஸி" என்றவள் நீ. அந்த ஈஸியான தாளில்தான் எனக்கு 41.

1978இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். பட்டமும் பேரும் பெற்ற பெண்கள்கூட, தேர்வுக் குழு ஏதோ தவறுதலாகத் தங்களைச் சேர்த்துக்கொண்டது என்று நம்பினார்களாம். இந்த நினைப்பு ஏன் தானாகப் போவதில்லை என்று அவர்கள் விளக்கிய இடத்தில் நீ அப்படியே இருக்கிறாய். பயம் வருகிறது. பயத்தில் ஒன்றுக்கு இரண்டாக உழைக்கிறார்கள். வேலை நன்றாக முடிகிறது. உடனே, "விழுந்து விழுந்து உழைத்ததால் தப்பித்தேன், திறமையால் இல்லை" என்று கணக்கு எழுதிக்கொள்கிறார்கள். அடுத்த வேலைக்கும் அதே பயம். சிக்கலான ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி நீ ஒரு மணி வரை புத்தகம் புரட்டுவது இதில் எந்த இடம் என்று நீயே பார்த்துக்கொள்.

அதற்காக எல்லாவற்றையும் உன் மனக் கோளாறு என்று தலையில் போட்டுக்கொள்ளாதே. தமிழ் மீடியத்திலிருந்து போனவள் நீ. முதல் வருஷம் உன் இங்கிலீஷைக் கேட்டுச் சிரித்தவர்கள் இருந்தார்கள். இன்றும் மீட்டிங்கில் நீ சொன்னதை ஓர் ஆண் திருப்பிச் சொன்ன பிறகுதான் தலையாட்டுகிறார்கள் என்று போன கடிதத்தில் நீதானே எழுதினாய்? அப்படிப்பட்ட இடத்தில் சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

என் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தும்போது வானியற்பியலாளர் சந்திரசேகரைப் பற்றிச் சொல்வதுண்டு. மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே எரிந்து முடிந்த நட்சத்திரம் எவ்வளவு நிறை வரை நிலைத்து நிற்கும் என்ற அந்தக் கணக்கைப் போட்டவர். வயது 19. கேம்பிரிட்ஜில் இறங்கிய பிறகோ, தான் ஒன்றும் சாதிக்கவில்லை என்ற குறை அவரை அரித்தது. வானியற்பியலையே விட்டுவிடலாமா என்றுகூடத் தடுமாறினார். 1933இல் டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோ பதவிக்கு விண்ணப்பித்தபோது, கிடைக்காது என்றே நினைத்திருந்தார். கிடைத்தது. அங்கே அவருக்கு முன் அந்தப் பதவிக்கு வந்த இந்தியர் ராமானுஜன்! பசங்க 1983 நோபலைத்தான் நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள். எனக்கோ, கிடைக்காது என்று நினைத்துக்கொண்டே விண்ணப்பம் போட்டாரே, அதுதான் பிடிக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. தன்மேல் சந்தேகமே வராத மயக்க மருந்து டாக்டரிடம் நான் போய்ப் படுக்க மாட்டேன். ஆனால் ராத்திரி தூங்கு. உன் ஜூனியர்களிடமும் ஒருநாள் இதைப் பேசிப் பார். உன்னைப் பார்த்து மிரண்டு போயிருக்கிற ஒன்றிரண்டு பேர் அதில் நிச்சயம் இருப்பார்கள்.

சரி, இங்கே சேதி. அம்மாவுக்கு மூட்டு மாற்றச் சொல்லிவிட்டார்கள். முழு மயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தால் போதும் என்கிறார் இங்குள்ள டாக்டர். சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறதே, அது சரிதானா? ரிப்போர்ட் எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். "அவ சரின்னா சரி, அப்புறம்தான் கையெழுத்து" என்று பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு போன் போடு.

உன் பெஞ்சுத் தோழி